பச்சை வாட்சும் ஆறு மணியும்

விலை அதிகமான வாட்ச் விற்கிற கடைக்கு யாரும் மணி பார்க்க வருவதில்லை. மற்றவன் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் வருகிறார்கள். கடையில் நின்றே காலம் தள்ளுகிற அக்கா, தங்கச்சிகளே, உங்களுக்குத் தெரியாதது இல்லை. நிற்கிறது கூடப் பரவாயில்லை, பேசு பேசு என்கிறார்களே, அதுதான் எனக்கு வராது.

நாவலூரில் மாடிக் கடை. பெருக்கித் துடைக்கத்தான் சேர்ந்தேன். கவுன்டரில் இருந்த பெண் கல்யாணமாகிப் போனதும் பாய் என்னை அங்கே நிறுத்தினார். பாய்தான் முதலாளி. கவுன்டர் ஆளுக்கு ஆறு மணிக்கு விட்டுவிடுவார்கள். துடைக்கிற ஆள் ஷட்டர் இறக்கிய பிறகுதான் கிளம்ப முடியும். என் மகளுக்கு மூணு வயசு. பெரும்பாக்கத்தில் பக்கத்து வீட்டு மேரி அக்காவிடம் விட்டுவிட்டு வருகிறேன். பகலில் சமர்த்தாக இருப்பாள். வராந்தாவில் லைட் போட்டுவிட்டால் படிக்கட்டில் போய் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிடுவாள். அந்த ஆறு மணிக்காகத்தான் எனக்குக் கவுன்டர் வேண்டியிருந்தது. பாய் கண்ணாடிப் பெட்டியில் இருந்த ஒரு பச்சை வாட்சைக் காட்டினார். வந்த நாளிலிருந்து விற்காமல் கிடந்தது அது.

"இந்த ஒண்ண நீ வாயத் தொறந்து வித்துக் காட்டுமா, கவுன்டரு உனக்குத்தான். இல்லாங்காட்டி தொடப்பந்தான்."

டிபன் டப்பா

அந்த வாட்ச் வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை. நாலு மூலையையும் யாரோ அமுக்கிவிட்ட மாதிரி இருக்கும். நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவில் கோணலாக ஒரு ஓட்டை, அதில் தேதி. பெரிய கம்பெனிச் சரக்குதான். ஆனால் வாட்ச் சேர்க்கிறவர்கள் அதைக் கண்டாலே சிரிப்பார்கள். சனிக்கிழமை சாயந்தரம் அவர்கள் எல்லாரும் எங்கள் கடையில்தான் கூடுவார்கள். அவர்களில் தாம்பரத்துப் பல் டாக்டர் ஒருவர். அவர் சொன்னால் மற்றவர்கள் மறுபேச்சுப் பேச மாட்டார்கள்.

நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அதை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "புதுசு சார்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் ரெண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தார்.

"இதுல சாம்பார் சாதம் வேணா எடுத்துட்டுப் போலாம்மா, கையில கட்ட முடியாது."

ஒத்துப் பேசியது

மேரி அக்காவிடம் சொல்லி அழுதேன். "அவங்க இன்னா சொல்றாங்களோ அதையே நீயும் சொல்லு. ஒத்துப் பேசுனா மனுஷனுக்குப் புடிக்கும்" என்றது அக்கா. சரி என்று மனசில் வைத்துக்கொண்டேன்.

அடுத்து ஐ.டி. கம்பெனியில் வேலை செய்கிற ஒருத்தர் நண்பரோடு வந்தார். நேராகப் பச்சை வாட்சைத்தான் கேட்டார். எடுத்துக் கொடுத்துவிட்டு, அவர் கேட்பதற்கு முன்னாலேயே, "டிபன் டப்பா மாதிரி கீது சார்" என்றேன். அந்த வாரம்தான் யாரோ ஒரு வெள்ளைக்காரர் அதைப் புகழ்ந்து வீடியோ போட்டிருந்தாராம். அதைப் பார்த்துவிட்டு வாங்குகிற எண்ணத்தில் வந்திருக்கிறார். எனக்கு எப்படித் தெரியும்? அவர் நண்பரைத் திரும்பிப் பார்த்தார்.

"விக்கிறவங்களே இப்டி சொல்றாங்க, நான் எதுக்கு மச்சான் வாங்கணும்?"

மேல் தோல்

புது வாட்சுக்கு முதுகிலும் பக்கத்திலும் மெல்லிசாக ஒரு பிளாஸ்டிக் ஒட்டியிருக்கும். கடைக்காரர்கள் அதைத் தொடவே கூடாது. வாங்குகிறவர்தான் தன் கையால் பிரிக்க வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று பாய் முதலில் சொல்லிக்கொடுத்ததே அதுதான். ஆனால் பச்சை வாட்சுக்கு மரியாதை போய்விட்டது. "அந்த பிளாஸ்டிக்கையாவது பிச்சுப் பாருங்க பாய், மூஞ்சி தெளியுதான்னு பாப்போம்" என்றார் பல் டாக்டர். எல்லாரும் சிரித்தார்கள். பாயும் கடுப்பில் "பிச்சுடும்மா" என்று என்னிடம் கொடுத்துவிட்டார்.

நகத்தால் மெதுவாக உரித்தேன். துணி போட்டுத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். மழை விட்ட மறுநாள் எங்கள் ஏரி இருக்குமே, அந்தப் பச்சை. முதல் தடவையாக எனக்கு அது பிடித்துப் போனது. "நல்லாத்தான் பாய் கீது" என்று சொல்லியும்விட்டேன்.

"அப்ப நீ வாங்கிக்கிறியா?"

கம்பெனி நிறுத்தியதும்

சில மாசம் போனது. அந்த மாடலை இனிமேல் செய்யப்போவதில்லை என்று கம்பெனி சொல்லிவிட்டது. இனி கிடைக்காது என்றதும் அதற்கு மவுசு ஏறிவிட்டது. அந்தச் சனிக்கிழமை பல் டாக்டர் எல்லாருக்கும் முன்னாலேயே வந்துவிட்டார். கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டு பச்சை வாட்சைக் கேட்டார். பிறந்த குழந்தையை வாங்குகிற மாதிரி வாங்கினார். "என்னா தைரியமான டிசைன். ஒருத்தனுக்கும் புரியல" என்றார். எனக்குத் தொண்டை திறந்துகொண்டது. "ஆமா சார், ஏரித்தண்ணி மாதிரி கீது சார்" என்றேன். "கரெக்ட்டா சொன்னே" என்றார். என் மகள் ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்வது மாதிரியே இருந்தது.

அப்புறம் அவர் வாட்சைத் திருப்பினார். "பிளாஸ்டிக் எங்க? யாரும்மா பிச்சது?" பாய் என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன். பாய் ஏ.சி.யைப் பார்த்தார். பிரிக்கச் சொன்ன டாக்டருக்கே அது ஞாபகமில்லை. அவர் வாட்சைக் கீழே வைத்தார், சத்தமே வராமல்.

"பிச்சுட்டா அது வெறும் வாட்சும்மா."

ஆறு மணி

ஐ.டி. சார் மறுபடியும் வந்தார், ஒரு நாள் சாயந்தரம், தனியாக. இந்தத் தடவை நான் யார் சொன்னதையும் சொல்லவில்லை. "பிளாஸ்டிக்கைப் பிரிச்சாச்சு சார். எனக்கு இது புடிக்கும். கட்டிப் பாருங்க" என்றேன். கட்டிப் பார்த்தார், கையைத் தொங்கவிட்டு நடந்து பார்த்தார். ரொம்ப நேரம் பேசினோம். நான்தான் பேசினேன், நம்புங்கள். "பிரிச்சதே நல்லது. இல்லன்னா பயந்துகிட்டு பீரோலதான் வச்சிருப்பேன். எடுத்துக்கிறேன், கீழ ஏ.டி.எம். வரைக்கும் போயிட்டு வீட்ல ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துட்றேன்" என்று இறங்கினார்.

ஆறு மணி ஆனது. அவர் வரவில்லை. மேரி அக்கா போன் பண்ணியது. பின்னால் மகள் அழுகிற சத்தம் கேட்டது. "நீ கெளம்பு, நான் பாத்துக்கிறேன்" என்றார் பாய். ஷேர் ஆட்டோவில் இருந்தபோது கூடச் சிரித்துக்கொண்டுதான் வந்தேன். காலையில் போனால் பெட்டியில் பச்சை வாட்ச் இல்லை, நான் கிளம்பின பிறகு அவர் வந்து வாங்கிப் போயிருக்கிறார். கவுன்டரில் பாயின் மச்சினிச்சி உட்கார்ந்திருந்தாள். துடைப்பம் என் பை வைக்கிற இடத்தில் சாய்த்து வைத்திருந்தது. "பாய், அவர்கிட்ட பேசுனது நான்தான்" என்றேன்.

"பேசுனது நீ, வித்தது யாரு?"

ஆரம்பத்திலிருந்தே

இப்போது சனிக்கிழமைகளில் அவர்கள் பேசப் பேச நான் அவர்கள் காலடியில் துடைக்கிறேன். ஷூவைத் தூக்கிக்கொள்கிறார்கள், பேச்சை நிறுத்துவதில்லை. வெளியே இருட்டிவிட்டிருக்கும். பெரும்பாக்கத்தில் வராந்தாவில் லைட் போட்டிருப்பார்கள். போன வாரம் யாரோ புதுப் பையன் அந்தப் பச்சை வாட்சைப் பற்றிக் கேட்டான். பல் டாக்டர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"ஆரம்பத்துலேந்தே எனக்குப் புடிக்கும்ப்பா அது."

அந்த வாட்சைப் பற்றி எல்லாரும் மனசை மாற்றிக்கொண்டார்கள், என்னைப் பற்றி மட்டும் பாய் ஒரு தடவை கூட மாற்றிக்கொள்ளவில்லை.