அம்பு டீச்சர் வீட்டு 'அது'

அம்பு டீச்சருக்கு அந்தப் பெயர் வந்ததற்கு வில்வித்தை காரணமில்லை. டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் பயிற்சி நிலையத்தில் அவர் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறார். மாணவர்கள் எல்லாம் வளர்ந்தவர்கள்: நர்சுகள், லாரி ஓட்டுநர்கள், பதவி உயர்வுக்காகத் தேர்வு எழுதியே தீரவேண்டிய குமாஸ்தாக்கள். தேர்வில் ஒரு பத்தியைக் கொடுத்து, எட்டாம் வரியில் வரும் 'இட்' எதைக் குறிக்கிறது, பத்தாம் வரியில் வரும் 'தே' யாரைக் குறிக்கிறது என்று கேட்பார்கள். பார்த்தால் சின்னக் கேள்வி. பெரிய பெரிய ஆட்களைக் கவிழ்த்ததும் அதே கேள்விதான். டீச்சர் அந்தச் சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அங்கிருந்து பின்னோக்கி ஓர் அம்பு வரைவார்.

"பக்கத்துல நிக்கிறவனை எல்லாம் சொந்தக்காரன்னு நினைச்சுடாதீங்க," என்பார். "அம்பு போய் நிக்கிற பேரை எடுத்துட்டு வந்து இங்க வெச்சுப் படிச்சுப் பாருங்க. பொருந்துச்சா, அதுதான் விடை. பொருந்தலையா, இன்னும் ஒரு வரி மேல போங்க."

இந்த வைத்தியத்தில் பிழைத்தவர்கள் ஏராளம். பிழைக்காதவர் ஒரே ஒருவர். அவர் டீச்சரின் சொந்தக் கணவர்.

அவர் ஏசி மெக்கானிக். பெரிய கம்பெனி ஒன்றில் இருபது வருடத்துக்கு மேலாக, மாடி மாடியாக மெஷினைத் தோளில் சுமந்து ஏறிக்கொண்டிருக்கிறார். நல்ல வேலைக்காரர் என்று மேலிடத்திலும் பெயர். சூப்பர்வைசர் நாற்காலி ஒன்று அவருக்காகக் காலியாகவே இருந்தது. நடுவில் இந்த ஆங்கிலத் தேர்வுதான் நந்தி மாதிரி நின்றது. இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் கோட்டை விட்டாயிற்று. இந்தத் தடவையும் தவறினால் நாற்காலி வேறு ஆளுக்கு என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

நாற்காலி கிடைத்தால் சந்தோஷம் என்ற அளவில் இருந்திருந்தால் டீச்சர் இவ்வளவு பதறியிருக்க மாட்டார். சில நாட்களாக அவர் கணவர் படியேறும்போது பாதியில் நின்று, சுவரில் கைவைத்துக்கொண்டு, செல்போனைப் பார்ப்பதுபோல் பாவனை செய்கிறார். கேட்டால், "ஒண்ணுமில்ல, அது சரியாயிடும்," என்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள். இன்னும் ஒரு வருடம் மெஷின் தூக்கினால் அந்த முதுகு என்ன ஆகும் என்று டீச்சருக்குத் தெரியும். அதனால்தான் அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார்.

வகுப்பில் அவர் செய்த கூத்தைச் சொல்லி மாளாது. ஒருநாள் வந்த பத்தியில், ஒரு தொழிற்சாலையில் குழாய் வெடித்து, பம்ப் நின்றுபோகிறது. வேலையாட்கள் 'இட்'டைக் கழற்றி மாற்றுகிறார்கள். எதை?

"கெப்பாசிட்டர்," என்றார் மெக்கானிக்.

"பத்தியில கெப்பாசிட்டரே இல்லையே!"

"அதான் தப்பு. பம்ப் நின்னா முதல்ல கெப்பாசிட்டரைத்தான் பார்க்கணும். எழுதினவனுக்கு வேலை தெரியல."

நர்சுகள் சிரித்தார்கள். லாரி ஓட்டுநர் ஒருவர், "அண்ணன் சொல்றதுலயும் நியாயம் இருக்கு டீச்சர்," என்றார். டீச்சர் சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

வெளியூரில் வேலை பார்க்கும் மகளிடம் போனில் இதைச் சொல்லிப் புலம்பினார். மகள் சிரிக்கவில்லை. "அம்மா, வீட்ல அப்பா எப்பவாவது எதுக்காவது பேர் சொல்லிக் கேட்டிருக்காரா? 'அதை எடு'ன்னு வாயைத் திறக்கிறதுக்குள்ள நீ கொண்டுபோய் நீட்டிடுவ. அவர் எதுக்கு யோசிக்கணும்?"

டீச்சருக்குச் சுருக்கென்றது. உண்மைதான். காலையில் 'அது எங்க?' என்றால் கண்ணாடி. குளித்துவிட்டு வந்து 'அது எங்க?' என்றால் சீப்பு. கிளம்பும்போது 'அது?' என்று புருவம் மட்டும் உயர்ந்தால் வண்டிச் சாவி. 'அவன் வந்தானா?' என்றால் தண்ணீர் கேன் போடுகிறவன். 'அவங்க என்ன சொன்னாங்க?' என்றால் வீட்டு ஓனர். எல்லா அம்புகளையும் டீச்சரே வரைந்துவிடுவார். இப்படி ஒரு மனைவி வாய்த்தால் எந்த ஆணுக்கும் பெயர்ச்சொல் மறந்துதான் போகும். ஊருக்கெல்லாம் பாடம், வீட்டில் மட்டும் விடைத்தாள்!

மறுநாளே டீச்சர் வேலைநிறுத்தம் தொடங்கினார்.

"அதை எடு," என்றார் மெக்கானிக், சட்டையைப் போட்டுக்கொண்டே.

டீச்சர் குடையைக் கொண்டுவந்து கொடுத்தார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"இதில்ல, அது!"

துடைப்பத்தைக் கொண்டுவந்தார்.

"உனக்கு என்னாச்சு இன்னிக்கி?"

"எனக்கு ஒண்ணும் ஆகல. 'அது'ன்னா எதுன்னு தெரியல. மேல வரியில நீங்க எந்தப் பேரும் சொல்லலையே."

வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருக்கிறவர் அவர். முதல் வாரம் கோபத்தில் எல்லாவற்றையும் தானே தேடினார். இரண்டு நாள் பெல்ட் இல்லாமல் வேலைக்குப் போனார். ஒருநாள் தம்பிக்கு வாழ்த்துச் சொல்ல, "அவனுக்குப் போன் போட்டுக் கொடு," என்று உத்தரவிட்டு, டீச்சர் போட்டுக் கொடுத்த போனில் மிக்சி ரிப்பேர்க்காரரிடம் அரை நிமிடம் பாசமாகப் பேசினார். டீச்சருக்குச் சிரிப்பை அடக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. தெரிந்துகொண்டே தெரியாத மாதிரி நிற்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. கை தானாகச் சீப்பை நோக்கிப் போகும். இன்னொரு கையால் அதைப் பிடித்து நிறுத்த வேண்டும்.

மெல்ல மெல்ல மெக்கானிக் வாயிலிருந்து பெயர்கள் வர ஆரம்பித்தன. சீப்பு வந்தது, சாவி வந்தது, "பச்சை மூடி போட்ட டப்பா" என்று அடைமொழியோடுகூட ஒன்று வந்தது. வகுப்பிலும் கெப்பாசிட்டர்கள் குறைந்தன.

தேர்வுக்கு முந்தைய வாரம், ஒரு சாயங்காலம், வேலையிலிருந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் குப்புற விழுந்தார். "அது... அதைக் கொஞ்சம்..." என்றார்.

டீச்சர் அதற்குள் தைலப் புட்டியை எடுத்துவிட்டார். கட்டிலருகே வந்தவர் சட்டென்று நின்று, புட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். இது பாவம் என்று தோன்றியது. இப்போது விட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்றும் தோன்றியது.

"எதை?" என்றார்.

போதும் இந்த விளையாட்டு என்று டீச்சர் மூடியைத் திருகப் போனபோது, தலையணைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"முதுகு வலிக்குது. ரெண்டு வருஷமா வலிக்குது. சில நாள் மெஷினைத் தூக்கும்போது கால் மரத்துப்போயிடும். உன்கிட்ட சொன்னா நீ பயந்துடுவியோன்னு சொல்லல. தைலம் போட்டு விடு."

இத்தனை வருடத்தில் அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை. எல்லாம் தனக்குத் தெரியும் என்றல்லவா டீச்சர் நினைத்திருந்தார். வலி தெரியும். இரண்டு வருடம் தெரியாது, மரத்துப்போன கால் தெரியாது. அவர் 'அது' என்று தொடங்கும்போதெல்லாம் தைலத்தை நீட்டி வாயை அடைத்தது தான்தானே என்று நினைத்தபோது அழுகை வந்தது. அழுதுகொண்டே தேய்த்துவிட்டார். மறுநாள் இருவரும் டாக்டரிடம் போனார்கள். அங்கேயும் அவரே தன் வாயால் எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் மெஷினைத் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

தேர்வில் மெக்கானிக் தேறினார். மயிரிழையில்தான் என்றாலும் தேறினது தேறினதுதான். லாரி ஓட்டுநர் டீ வாங்கிக் கொடுத்தார்.

சூப்பர்வைசராகப் போன முதல் நாள், வகுப்பு நடுவில் டீச்சரின் போன் அடித்தது. வேலை நேரத்தில் கணவர் கூப்பிடுகிற வழக்கமே கிடையாது. டீச்சர் சாக்பீஸோடு வெளியே ஓடினார்.

"நாற்காலியில உக்கார வெச்சுட்டாங்க," என்றார் அவர். "முதுகு வலிக்கல. ஆனா எனக்குப் பயமா இருக்கு. பசங்க எல்லாம் மெஷினைத் தூக்கிட்டுப் போறாங்க, நான் பார்த்துட்டு உக்காந்திருக்கேன். இந்த வேலை எனக்கு வராதோன்னு பயமா இருக்கு."

டீச்சரிடம் ஆறுதல் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதெல்லாம் வரும், நீங்க கவலைப்படாதீங்க, சாப்பிட்டீங்களா. அவற்றை அப்படியே விழுங்கிவிட்டு, டயர் வாடை அடிக்கிற அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்தார். உள்ளே வகுப்பு அவருக்காகக் காத்திருந்தது.

"சொல்லுங்க," என்றார். "கேட்டுட்டுதான் இருக்கேன்."