ஏழாவது வரிசை

காப்புரிமை அலுவலகத்தின் மூன்றாம் மாடி. உயிரித் தொழில்நுட்பப் பிரிவில் ஜன்னலோர மேஜை அவளுடையது. ஊரார் கண்டுபிடித்ததையெல்லாம் புதுசா பழசா என்று இருபத்திரண்டு வருடமாகச் சலித்துப் பார்க்கிறாள். அனுப்பிய அறிக்கை ஒன்றைக்கூட அவள் திரும்பக் கேட்டதில்லை. ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம். அதுவரை இந்தப் பெயர் கெடக்கூடாது.

அறிக்கைப் படிவத்தில் பத்து வரிசைகள். ஏழாவது, ‘பொது ஒழுக்கத்துக்கு முரணானதா?’ அதற்கு ‘இல்லை’ என்று யாரோ எப்போதோ கணினியில் அடித்து வைத்திருந்தார்கள். அந்த வரிசையை யாரும் தொடுவதில்லை. ஆறு முடிந்தால் எட்டு.

அன்று மாலை கோழி விண்ணப்பத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். மரபணுவைத் திருத்தி, பிறவியிலேயே பார்வையில்லாத கோழி. நெருக்கமான கூண்டிலும் ஒன்றையொன்று கொத்தாதாம். புதுசுதான். சந்தேகமில்லை.

கணவர் கண் அறுவை சிகிச்சை முடிந்து கட்டோடு உட்கார்ந்திருந்தார். இன்னொரு கண்ணிலும் ஏற்கெனவே புகைமூட்டம்தான்.

“மூணு நாளா உன்கிட்ட சண்டையே போடல, கவனிச்சியா?”

“ஆமா. என்ன அதிசயம்!”

“எதுவும் தெரிஞ்சாதானே குறை சொல்ல. கண்ணைக் கட்டிட்டா நான் தங்கமான மனுஷன்.”

விழுந்து விழுந்து சிரித்தாள். பாதியில் சிரிப்பு நின்றது.

“என்னடி ஆச்சு?”

“கோழி” என்றாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மறுநாள் காலை முதல் ஆளாகத் தபால் பிரிவுக்குப் போய், கோழி அறிக்கையை வைத்து ஒட்டிய உறையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பிரிவுத் தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“ஏழாம் நம்பரை யாரும் தொட்டதே இல்லையேம்மா!”

“அதான் சார், தொட்டுப் பாக்கலாம்னு.”

“எழுத்துல விளக்கம் தரணும். உங்க ஃபைல்ல ஏறிடும். யோசிச்சுக்கோங்க.”

‘படிக்காமல் விட்டேன்’ என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தாள். எழுதும்போது மட்டும் பேனா கொஞ்சம் மக்கர் செய்தது.

விசாரணைக்கு விண்ணப்பதாரரின் வக்கீல் வந்தார். எடுத்தவுடனே புன்னகை.

“மேடம், கோழிக்கும் நல்லதுதானே? கொத்து வாங்காதே.”

“உங்க விண்ணப்பத்துலயே பதினாலாம் பக்கம். அந்த அட்டவணையைக் கொஞ்சம் வாசிங்க.”

வாசித்தார். விசாலமான கொட்டகையில் விட்டபோது, கண் தெரியும் கோழிகளும் அநேகமாகக் கொத்திக்கொள்ளவில்லை. குரல் போகப் போக இறங்கியது.

“அப்ப இடம் விட்டாலே போதும் இல்லையா?”

“போதும்தான் மேடம். ஆனா இடம் விடறதுக்கு நீங்க காப்புரிமை தர மாட்டீங்களே!”

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவர்கூடச் சிரித்துவிட்டார். ஏழாவது வரிசையில் அவள் ‘ஆம்’ என்று அடித்தாள். அந்தக் கோழிக்குக் காப்புரிமை இல்லை.

இப்போது படிவத்தில் அந்த வரிசை காலியாக வருகிறது. அவரவரே படித்து நிரப்ப வேண்டும் என்று தலைவர் உத்தரவு. “எல்லாம் கோழியம்மா தந்த வேலை” என்று பிரிவே அவள் காதுபட முணுமுணுக்கிறது. கோப்பில் ஏறிய ஒரு வரியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவளுக்கும் அது உறுத்தவில்லை.

விசாரணைக்கெல்லாம் முன்பே, உறையைத் திரும்ப வாங்கிய அந்த வாரமே கணவருக்குக் கட்டு அவிழ்த்திருந்தார்கள். அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணாந்து பார்த்தார்.

“ஃபேன்ல என்ன இவ்ளோ தூசி?”

“கொத்த ஆரம்பிச்சாச்சு” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு, துணியை அவர் கையில் கொடுத்தாள்.