பிராகாரத்தில் ஓடிய கால்பந்து அணி

வெளிநாட்டுக் கால்பந்து அணிகள் சீசனுக்கு முன்னால் மலையடிவாரங்களுக்கு முகாம் போகிற படங்கள் இப்போது பத்திரிகைகளில் வருகின்றன. மார்பில் ஏதோ கருவியைக் கட்டிக்கொண்டு ஆட்டக்காரர்கள் ஓடுகிறார்கள். பின்னால் ஒருவர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு நடக்கிறார். அந்தக் குறித்துக்கொள்ளும் வேலையைச் சங்கரன்கோவிலில் எழுபதுகளின் கடைசியில் நான் செய்திருக்கிறேன். எந்த வருஷம் என்பது என் டைரியில் இருக்கிறது. இங்கே எழுதினால் சம்பந்தப்பட்டவர்களை ஊரில் விரல் நீட்டிக் காட்டிவிடுவார்கள் என்பதால் கிழமைகளோடு நிறுத்திக்கொள்கிறேன். பெயர்களையும் அதே காரணத்துக்காக விட்டுவிட்டேன்.

நான் அப்போது எங்கள் கால்பந்துக் கழகத்தின் செயலாளர். பந்தை உதைக்கத் தெரியாத ஒரே உறுப்பினர் என்பதால் அந்தப் பதவிக்குப் போட்டி இல்லை.

ஆனி முடிகிற சமயத்தில் வெளியூர் மில் ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. மில் அணிக்கு ஒரு முன்வரிசை ஆட்டக்காரர் தேவை. எங்கள் ஊர்க் கோவில் திருவிழாவான ஆடித்தபசு கழிந்த ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய ஆள் ஒருவர் நேரில் வந்து எங்கள் ஆட்டத்தைப் பார்த்து ஒருவரை எடுப்பார். இருபத்தைந்து வயது முடிந்திருக்கக் கூடாது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் கால்பந்தால் பிழைப்பது என்றால் இதுதான். பந்துக்காக வேலை கொடுப்பார்கள். கால் ஓய்ந்த பிறகும் வேலை இருக்கும்.

கடிதத்தை நான் வாசித்து முடித்ததும் எல்லோரும் எங்கள் லெப்ட் அவுட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் ஒரு விசைத்தறிக் கூடத்தில் கூலிக்குத் தறி ஓட்டிக்கொண்டிருந்தான். கரண்டு இருந்தால் கூலி உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இடது ஓரத்தில் அவன் பந்தை எடுத்துக்கொண்டு கிளம்பினால் எதிர் அணிக்காரர்கள் வழிவிட்டு நின்று பார்ப்பார்கள். வருகிற புரட்டாசியில் அவனுக்கு இருபத்தைந்து முடிகிறது. இந்த ஞாயிற்றுக்கிழமையை விட்டால் அவனுக்கு இன்னொரு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அன்றே அவனை மில்லுக்கு அனுப்பிவைத்திருந்தால் காரியம் முடிந்திருக்கும். நாங்கள் முகாம் நடத்தத் தீர்மானம் போட்டோம்.

பயிற்சியாளராகப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்திருந்த ஹவில்தார் அண்ணாச்சியை ஏற்பாடு செய்தோம். ரெஜிமெண்ட் அணிக்கு ஆடியவர் என்று சொன்னார்கள். எந்த இடத்தில் ஆடினீர்கள் என்று பதிவுக்காகக் கேட்டேன். "எல்லா இடத்துலயுந்தான்" என்றார். அப்படியே எழுதிக்கொண்டேன்.

இருபத்தொரு நாள் முகாம். தொடக்கம் திங்கட்கிழமை, காலை ஐந்தரை மணி, கழுகுமலை ரோட்டுக் கரிசல் பொட்டல்; எங்கள் மைதானம் அதுதான். அண்ணாச்சி முதல் காரியமாகக் கழகத்தின் இரண்டு பந்துகளையும் வாங்கித் தம்முடைய டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். பதினான்கு நாள் பந்தைத் தொடக் கூடாது. முதலில் கால் தயாராக வேண்டும். கால் தயாராகிற வரைக்கும் மைதானத்தில் குடிக்கத் தண்ணீரும் கூடாது. உலகத்திலேயே பந்தும் தண்ணீரும் இல்லாத முதல் கால்பந்து முகாம் என்ற பெருமை எங்களுக்கு உண்டு. எந்தச் சரித்திரக்காரரும் இதைக் குறித்ததாகத் தெரியவில்லை.

என் பங்குக்கு நானும் கெடுதல் செய்தேன். மதுரையில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஆங்கிலப் பயிற்சிப் புத்தகம் ஒன்று என்னிடம் இருந்தது. தினமும் ஒரு அத்தியாயத்தைத் தமிழில் சொல்லுவேன். மூன்றாம் நாள், சீசனுக்கு முந்தைய ஓட்டத்தின்போது இரண்டு கம்பளிச் சட்டை போட்டுக்கொள்ள வேண்டும் என்ற இடம் வந்தது.

"கம்பளிக்கு எங்கன போவ?" என்று அண்ணாச்சி யோசித்தார். "வீட்டுல ஜமுக்காளம் இருக்கும்லா, அதக் கட்டிக்கிட்டு ஓடுங்கலே."

"அண்ணாச்சி, அது பனி பெய்யுத தேசத்துக்காரன் எழுதினது" என்றேன்.

"எதுக்குப் போடச் சொல்லுதான்? வேர்க்கதுக்குத்தான?"

"நமக்கு ஏற்கனவே வேர்க்குது அண்ணாச்சி" என்றான் லெப்ட் அவுட்.

"அது சும்மா வேர்க்குத வேர்வை. இது பயிற்சி வேர்வை. ரெண்டும் ஒண்ணால?"

பவானி ஜமுக்காளத்தை மார்பில் சுற்றிக்கொண்டு பதினைந்து பேர் கரிசல் பொட்டலில் ஓடியதை ஆட்டுக்கிடை போட்டிருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். ஆடுகளும் பார்த்தன.

ஒன்பதாம் நாள் செவ்வாய்க்கிழமை. அன்றைக்குக் கோவிலில் ஆடித்தபசுக்குக் கொடியேற்றம். மறுநாள் மைதானத்துக்கு ஆறு பேர்தான் வந்தார்கள். மற்றவர்கள் எல்லாம் ஆடிச்சுற்றுப் போயிருந்தார்கள். கொடியேறியதிலிருந்து தபசுக்குள் கோமதியம்மனை நினைத்துப் பிராகாரத்தை நூற்றெட்டு, ஐந்நூற்றொன்று என்று நேர்ந்துகொண்டு வெறுங்காலோடு சுற்றுவது எங்கள் ஊர் வழக்கம். நான்கைந்து நாளாகப் பிரித்தும் சுற்றலாம். கையில் புளியங்கொட்டையை வைத்துக்கொண்டு சுற்றுக்கு ஒன்று போட்டுக் கணக்கு வைப்பார்கள்.

அண்ணாச்சிக்கு அம்மனோடு மோத மனமில்லை. முகாமைக் கலைக்கவும் மனமில்லை. யோசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"வே செக்ரட்டரி, அங்கன சுத்துததும் ஓட்டந்தானவே? அதையும் கணக்குல ஏத்திப்புடும்."

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு ஏற்றியிருக்கலாம். நான் கயிறு கொண்டுபோய்ப் பிராகாரத்தை அளந்தேன். பிறகு மைதானத்தை அளந்தேன். நான்கு பிராகாரச் சுற்று மூன்று மைதானச் சுற்றுக்குச் சமம் என்று கண்டேன். அவரவர் எத்தனை சுற்று என்று எழுதிக் கொடுக்கலாம் என்று அறிவித்தேன். தினமும் சாயங்காலம் யார் எவ்வளவு ஓடியிருக்கிறார்கள் என்று வரிசைப்படுத்தி, மைதானத்துக்கு எதிரே இருந்த டீக்கடைச் சுவரில் ஒட்டினேன். மில்லிலிருந்து வருகிறவரிடம் இந்தப் பட்டியலைத்தான் முதலில் கொடுப்போம் என்று அண்ணாச்சி வேறு சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கழகத்தில் பக்தி கட்டுக்கடங்காமல் போயிற்று.

பட்டியலில் முதல் இடம் எங்கள் ரைட் அவுட்டுக்கு. பாத்திரக்கடை வீட்டுப் பையன், கல்லூரியில் படித்துவிட்டு வந்தவன். முகாமுக்கு அவன் வந்தது மொத்தம் ஒன்பது நாள். ஆனால் கொடியேற்றம் ஆனதிலிருந்து தினமும் ஒரு சீட்டு அனுப்புவான். நாற்பது சுற்று, ஐம்பது சுற்று. ஒருநாள் பையில் கட்டிப் புளியங்கொட்டையையே அனுப்பினான். நான் அதை எண்ணிச் சரிபார்த்தேன். கொட்டைகள் சரியாகத்தான் இருந்தன. சீட்டில் இருப்பதும் பையில் இருப்பதும் ஒத்துப்போனால் அதற்கு மேல் சந்தேகப்படும் பழக்கம் எனக்கு இல்லை.

லெப்ட் அவுட் தறி ஷிப்ட் முடிந்து நேராக மைதானத்துக்கு வருவான். அங்கே ஓடிவிட்டுக் கோவிலுக்குப் போய்ச் சுற்றுவான். மில் வேலைக்காக நேர்ந்துகொண்ட நூற்றெட்டையும் தபசு வாரத்துப் புதன்கிழமைக்குள் முடித்துவிட்டான். அன்று சாயங்காலம் டீக்கடைச் சுவரைப் பார்த்தபோது அவன் இரண்டாவதாகத்தான் இருந்தான்.

"இவன் எப்பண்ணே சுத்துதான்? ஒருநாளும் நான் அங்கன பாக்கலியே" என்று கேட்டான்.

"நீ போகாத நேரத்தில போவான்" என்றேன்.

"நான் எல்லா நேரத்துலயும்லா போறேன்."

நான் சுவரைக் காட்டினேன். அங்கே பட்டியல் இருந்தது.

வியாழக்கிழமை அவன் தறிக்கு லீவு சொல்லிவிட்டு இன்னொரு நூற்றெட்டு சுற்றினான். மறுநாள் வெள்ளிக்கிழமை தபசு என்பதால் அன்றே கூட்டம் நெரிந்தது. நடுப்பகலில் வெயில் படுகிற இடத்துக் கல் தோசைக்கல்லாகக் கொதித்தது. வெளியூரிலிருந்து வந்தவர்கள் நிழலுக்கு நிழல் தாவினார்கள். இவன் தாவினால் சுற்று செல்லாது என்று நினைத்து நேராகவே நடந்திருக்கிறான். சாயங்காலம் சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தபோது குதிகாலைத் தரையில் வைக்காமல் நின்றான்.

"நூத்தியெட்டு. ஏத்திருங்கண்ணே."

ஏற்றினேன். பட்டியலில் அவன் முதலிடத்துக்கு வந்தான்.

வெள்ளிக்கிழமை இரண்டு பாதத்திலும் கொப்புளம் உடைந்துவிட்டது. அவன் வீட்டில் கோவில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசினார்கள். அண்ணாச்சி அதைக் கழுவச் சொல்லிப் பட்டாளத்துக் களிம்பைப் போட்டார். அவர் போனதும் வீட்டில் களிம்பைத் துடைத்து மறுபடி மண்ணைப் பூசினார்கள். சனிக்கிழமைக்குள் இது நான்கு முறை நடந்தது. புண்ணுக்கு மூச்சுவிட நேரம் கிடைத்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை மில்காரர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். ஒரு காலத்தில் ஆடியவர் என்று நடையிலேயே தெரிந்தது. மதியம் பிரியாணி வாங்கிக் கொடுத்தோம். நான்கு மணிக்கு எங்கள் ஆட்களையே இரண்டு அணியாகப் பிரித்து ஆட்டத்தைத் தொடங்கினோம். ஆடிக் காற்று மேற்கேயிருந்து புழுதியை வாரிக்கொண்டு வந்தது. மூன்று வாரத்து உழைப்பை நான்கு பக்கங்களில் கட்டம் போட்டு எழுதி, பட்டியலை அவர் கையில் கொடுத்தேன். "ரொம்ப நல்லதாப் போச்சு சார்" என்று வாங்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். புழுதி கண்ணில் விழாமல் ஆட்டம் முடியும்வரை அது அவருக்கு உதவியது.

லெப்ட் அவுட் பூட்ஸ் போட முடியாமல் வேட்டித் துணியைக் கிழித்துப் பாதங்களில் சுற்றிக்கொண்டு இறங்கினான். ஆரம்பத்தில் ஒரு பந்தை ஓரமாக எடுத்துப் போய், காற்றுக்கு எதிராக, கோல் முகத்துக்கு அனுப்பினான். மில்காரர் பட்டியலைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்தார். அதற்கப்புறம் அவனால் ஓட முடியவில்லை. துணி சிவந்துபோயிற்று. வெளியே வரச் சொன்னால் வர மாட்டேன் என்று தலையை ஆட்டினான்.

"அந்தத் தம்பிக்குக் கால்ல என்ன?" என்று கேட்டார் மில்காரர்.

"ஆடிச்சுத்து. எரநூத்திப் பதினாறு" என்றார் அண்ணாச்சி, பெருமையாக.

"அப்போ அம்மன் டீமுக்கு எடுத்துக்கிடுவா" என்றார் அவர்.

ரைட் அவுட் அன்றைக்கு மான் மாதிரி ஓடினான். மூன்று வாரத்தில் பாதிக்கு மேல் ஓய்வெடுத்த கால். இரண்டு கோல் போட்டான். ஆட்டம் முடிந்ததும் மில்காரர் அவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். முதல் தேதியே வந்து சேரச் சொல்லிவிட்டார் என்று கூட்டத்தில் சொன்னார்கள். லெப்ட் அவுட் கோல் கம்பத்தடியில் உட்கார்ந்து துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தான். யாரும் அவன் பக்கத்தில் போகவில்லை. நானும் போகவில்லை; நேராக ரயில் நிலையத்துக்குப் போனேன்.

மில்காரர் பெஞ்சில் உட்கார்ந்து வண்டிக்குக் காத்திருந்தார். அந்தப் பட்டியல் என் கைப்பட எழுதியது, அதில் ரைட் அவுட் ஓடியதாக இருப்பதில் பாதி அவன் ஓடாதது, லெப்ட் அவுட் அதை எட்டிப் பிடிக்கப் போய்த்தான் காலைக் கெடுத்துக்கொண்டான், புரட்டாசியோடு அவனுக்கு வயது முடிகிறது என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

அவர் சிரித்தார். "அந்தப் பயல் ஓடலன்னு எனக்குத் தெரியாதா வே? கால் அப்படிப் புதுசா இருந்துச்சே. நான் கால் எடுக்கத்தான் வந்தேன். நீரு எல்லாரு காலையும் தேய்ச்சு வச்சிருக்கீரு."

"லெப்ட் அவுட்டோட கால் ஆறிரும்."

"மொத பந்தை நானும் பாத்தேன். ஆனா இங்கன ஒரு ஆளுக்குத்தான் சொல்லி அனுப்பினாங்க." வண்டி வருகிற சத்தம் கேட்டது. எழுந்து பையை எடுத்தார். "பத்து நாள் கழிச்சு அங்க அனுப்பி வையும். மேனேஜர்கிட்ட கேட்டுப் பாக்கேன். நிச்சயமாச் சொல்ல முடியாது. ஒண்ணு மட்டும் செய்யும். அந்தப் பத்து நாளும் அவன சும்மா இருக்க விடும்."

ஊருக்குள் வந்து அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் உடனே பத்து நாளுக்கு ஒரு திட்டம் போட்டார். முதல் மூன்று நாள் உட்கார்ந்தபடி பயிற்சி, அடுத்த மூன்று நாள் முட்டி வரைக்கும் தண்ணீரில் நிற்பது என்று இருந்தது. ஒரு பிரதி எடுத்து லெப்ட் அவுட்டிடம் கொடுக்கச் சொன்னார். நான் எடுத்தேன். கொடுக்கவில்லை. அவன் வீட்டுக்குப் போய், மில்காரர் சொன்னதை மட்டும் சொன்னேன்.

"சும்மான்னா எப்படிண்ணே?" என்று கேட்டான். அவனுக்கு அது விளங்கவே இல்லை.

"தறிக்குப் போ. சாப்பிடு. தூங்கு. ஓடாத. சுத்தாத. எவனும் எதையும் எழுத மாட்டான்."

பதினோராம் நாள் அவன் தனியாக வண்டி ஏறினான். ஒரு வாரம் தகவல் இல்லை. அண்ணாச்சி தினமும் வந்து, உட்கார்ந்தபடி பயிற்சியை ஒழுங்காகச் செய்தானா என்று என்னிடம் விசாரித்தார். செய்ததாக எனக்குத் தோன்றியது என்று சொன்னேன். நான் அறிந்து சொன்ன பொய்களில் இது ஒன்று.

வெள்ளிக்கிழமை கார்டு வந்தது. பதிலி ஆளாக எடுத்துக்கொண்டார்கள். தறி தெரியும் என்பதால் நெசவுப் பிரிவில் போட்டிருக்கிறார்கள். இரண்டு சீசன் ஆடினால் நிரந்தரம் ஆக்குவதாக மேனேஜர் வாய்ப்பேச்சாகச் சொல்லியிருக்கிறார். வாய்ப்பேச்சுத்தான் என்று அவனே எழுதியிருந்தான். கடைசியில் ஒரு வரி: பத்து நாளும் நான் சும்மா இருந்தேன்னு அண்ணாச்சிகிட்ட சொல்லிராதீங்க, வருத்தப்படுவாங்க.

கார்டை எடுத்துக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்குப் போய், அந்த வரியை விட்டுவிட்டு மீதியை வாசித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாத்தீராவே" என்றார் பிறகு. "இருபத்தொரு நாள்ல இவ்வளவு. அடுத்த வருஷம் நாப்பது நாளா வச்சிருவோம்."