சந்தனம் பூசிய மருந்துப் பெட்டிகள்

சிவகாசியில் ஒரு தனியார் மருத்துவமனையின் மருந்து அலமாரியைப் பார்த்துக்கொள்வதுதான் என் முதல் வேலை. கட்டில் எண் போட்டு அடுக்கிய ஒவ்வொரு மருந்துப் பெட்டியிலும் தபால்தலை அளவில் ஒரு ஸ்டிக்கர். அதற்குள் ஒளிந்திருக்கும் மெல்லிய கம்பி, அலமாரி அனுப்பும் ரேடியோ அலைக்கு 'இருக்கிறேன்' என்று பதில் சொல்லும். பதில் நின்றுபோனால், பெட்டியை எடுத்துவிட்டார்கள், உரிய நோயாளிக்கு மருந்து கொடுத்தாயிற்று என்று கம்ப்யூட்டர் எழுதிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுப்பது மாதிரிதான். ஆனால் எங்கள் வீட்டில் முதன்முதலில் ஆஜர் சொன்னவனே நான் என்பதால், எனக்கு அது பெரிய விஞ்ஞானமாகத் தெரிந்தது.

மருத்துவமனை முதலாளிக்கு அச்சகமும் பட்டாசுக் கம்பெனியும் இருந்தன. மனிதன் மறப்பான், மிஷின் மறக்காது என்பது அவர் கொள்கை. திரையில் பச்சை எரியாமல் அலமாரியின் பூட்டு திறக்காது. அவசரத்துக்கென்று ஒரு சாவி என்னிடம் இருந்தது. அதைத் தொட்டால் திட்டம் தோற்றதாக அர்த்தம் என்று என்னை அனுப்பிய சென்னைக் கம்பெனி சொல்லியிருந்தது. ஆயுத பூஜை அன்று முதலாளி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவார். போட்டால் என் வேலை நிரந்தரம்.

எங்கள் பக்கம் அந்த நாளில் பொட்டு வாங்காத பொருள் கிடையாது. லாரி, தராசு, கட்டிங் மிஷின், முதலாளியின் கால்குலேட்டர். "உழைக்குறது எல்லாத்துக்கும் பொட்டு வச்சுரு தம்பி" என்றார் அவர். என் அலமாரியில் உழைப்பது யார்? ஸ்டிக்கர்கள்தானே. காலையில் சரக்கு அடுக்கத் திறந்தபோது, ஒவ்வொரு ஸ்டிக்கர் மேலும் ஈரச் சந்தனத்தைத் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தேன். ரேடியோ அலைக்கு ஈரம் ஆகாது என்று பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதியவன் நான்.

மூன்றாம் கட்டிலில், பட்டாசுக் கம்பெனி விபத்தில் கை வெந்துபோன அக்கா ஒருவர் இருந்தார். தினமும் கட்டுப் பிரிப்பதற்கு முன் அவருக்கு வலி ஊசி போட வேண்டும். பத்து மணிக்கு சிஸ்டர் அவருடைய கட்டில் எண்ணைத் தட்டினார். திரையில் சிவப்பு. 'கொடுக்கப்பட்டது. அடுத்த ஊசி மாலை ஐந்து மணிக்கு.'

"நான் போடவே இல்லையே!" என்றார் சிஸ்டர்.

சூடத் தட்டோடு உள்ளே வந்த முதலாளி சிரித்தார். "நீங்க மறந்திருப்பீக. மிஷினு பொய் சொல்லுமா?"

அடுத்து நான் செய்ததைச் சொல்ல இன்றும் கூச்சமாக இருக்கிறது. நேரே அந்த அக்காவிடம் போய், "நல்லா யோசிச்சுப் பாருங்கக்கா, காலையில யாராச்சும் ஊசி போட்டாகளா?" என்று கேட்டேன்.

"ஏன் தம்பி, எனக்குப் போட்ட ஊசி எனக்குத் தெரியாதா? வெந்தது கைதான், புத்தி இல்ல."

சொல்லும்போதே வலியில் பல்லைக் கடித்தார். நான் திரைக்குத் திரும்பி மற்ற கட்டில்களைப் பார்த்தேன். வார்டு மொத்தமும் ஐந்தே நிமிடத்தில் அத்தனை மருந்தையும் சாப்பிட்டு முடித்திருந்தது. முந்தின நாளே வீட்டுக்குப் போய்விட்ட பெரியவர்கூட இன்று இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் என் விரல் நகத்தில் ஒட்டியிருந்த சந்தனம் கண்ணில் பட்டது.

முதலாளியின் சட்டைப்பையில் கையெழுத்துப் பேனா தயாராக இருந்தது. என் பையில் சாவி. அக்கா வலியில் முனகினார். சாவியைப் போட்டுத் திறந்துவிட்டேன்.

"மிஷினு சொல்றது தப்பு முதலாளி. ஸ்டிக்கர் மேல நாந்தான் சந்தனத்தப் பூசிட்டேன். ஈரத்துல அதுக்குப் பேச்சு வரல."

"சாமிக்கு வச்ச பொட்டையா குத்தம் சொல்லுற?"

இதற்குள் சிஸ்டர் ஊசியைப் போட்டுவிட்டு, காலிப் பெட்டியை அவசரத்தில் அலமாரியிலேயே வைத்துவிட்டார். நான் ஈரப் பஞ்சால் சந்தனத்தைத் துடைக்க ஆரம்பித்தேன். சந்தனம் காய்ந்து அரைகுறையாகப் பதில் சொல்லத் தொடங்கியிருந்த ஒன்றிரண்டு பெட்டிகளும் வாயடைத்துப்போயின. வலி அடங்கியிருந்த அக்கா கட்டிலிலிருந்தே அதட்டினார்.

"ஈரத்த ஈரத்தாலயா தொடைப்பாக? காய்ஞ்ச துணிய எடுங்க தம்பி. ஃபேனுக்குக் கீழ காட்டுங்க. எங்க கம்பெனில ஒரு திரி நமுத்துப்போனா அம்புட்டு ஏச்சு வாங்கணும். நீங்க என்னத்தப் படிச்சீக?"

காயக் காய, பெட்டிகள் ஒவ்வொன்றாக ஆஜர் சொல்லின. கம்ப்யூட்டருக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான்: மருந்து திரும்பி வந்துவிட்டது. பிரிண்டர் நீளமாக ஒரு தாளைத் துப்பியது. முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரை படித்தார்.

"பாத்தியா! வாங்குன மருந்த ஒண்ணு விடாமத் திருப்பிக் குடுத்திருக்காக. எம்புட்டு நேர்மையான சனங்க! இது தெரியணும்னா மிஷினு வேணும்ப்பா" என்றவர், நான் விளக்க வாயெடுப்பதற்குள் கையெழுத்தைப் போட்டுவிட்டார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு, ஊசிக் கணக்கைக் கையாலும் எழுதச் சொல்லி சிஸ்டர் கொடுத்த கோடு போட்ட நோட்டோடு மூன்றாம் கட்டிலுக்குப் போனேன்.

"அக்கா, காலையில எத்தன ஊசி போட்டாக?"

"ஒங்க பெட்டி என்ன சொல்லுது?"

"போடவே இல்லைங்குது."

அக்கா சிஸ்டரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "அப்ப இப்பம் ரெண்டாப் போடச் சொல்லுங்க. மிஷினு பொய் சொல்லுமா?"

நான் 'காலை ஒன்று' என்று நோட்டில் எழுதி, சரிதானா என்று அவருக்கே வாசித்துக் காட்டினேன்.