இடது காலுக்கான சப்பாத்து

ஈப்போவுக்குப் பக்கத்தில், கோப்பெங்கில் அக்கா நடத்தும் விடுதியின் வாசல் அடுக்கில் ஒற்றைச் சப்பாத்து ஒன்று இருக்கிறது. இடது காலுக்கானது. மழைக்குப் பூஞ்சை பிடித்துவிடுமோ என்று தினமும் துடைத்து வைக்கிறேன். அதைப் போட வேண்டிய கால் இப்போது இல்லை.

ஆரம்பப் பள்ளியோடு படிப்பு நின்றுபோன எனக்கு அங்கே சமையல் வேலை. பெரிய பையை முதுகில் சுமந்து வரும் வெள்ளைக்காரப் பிள்ளைகளை, அக்காவின் வீட்டுக்காரர், என் அத்தான், பழைய ரப்பர்த் தோட்டம் வழியாகக் காட்டுக்குள் கூட்டிப்போவார். அதற்கு முன் எல்லாரையும் உட்காரவைத்து ஊர்ப் பழக்கம் சொல்லிக்கொடுப்பார். வீட்டுக்குள் சப்பாத்து கூடாது, எதையும் வலது கையால் கொடு, முனியாண்டி கோவில் பக்கம் காலை நீட்டாதே. கடைசியாக ஒன்று: காட்டுக்குள் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, பேர் சொல்லி ஒரு குரல் வந்தால், முகம் தெரியும்வரை பதில் பேசக் கூடாது. தானும் பேர் சொல்லமாட்டேன், பாராங் கத்தியால் மரத்தைத் தட்டுவேன் என்பார். இருட்டோடு பால்வெட்டப் போன தோட்டத்து ஆட்களின் பழக்கம் அது; பேர் சொல்லிக் கூப்பிடுவது முனியாகவும் இருக்கலாம் என்ற பயம்.

"பிள்ளைங்க பயந்துடும் அத்தான், அத மட்டும் விட்டுடுங்க" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"நீ பயப்படாத நாளு ஒன்னு சொல்லுலா, அன்னிக்கு விட்டுடறேன்."

முக்கால்வாசிப் பேர் சிரித்துவிட்டு மறந்துவிடுவார்கள். அந்தச் சப்பாத்துக்குரிய பையன் மட்டும் மறக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டைக்கூட வலது கையால்தான் வாங்குவான், இடது கை முழங்கையைத் தொட்டிருக்கும். அத்தானை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். அட்டை ஏறாமலிருக்க எங்கள் ரப்பர்ச் சப்பாத்தை வாங்கிப் போட்டுக்கொண்டு, தன்னுடையதை அடுக்கில் ஒழுங்காக வைத்துவிட்டுக் கூட்டத்தோடு கிளம்பினான். ஓடையோரம் படமெடுக்க ஒதுங்கியவன் திரும்பவில்லை; கூட்டம் விடுதிக்கு வந்த பிறகுதான் ஆள் குறைவது தெரிந்தது.

போலீசும் தீயணைப்புக்காரர்களும் வந்தார்கள். அத்தானை விசாரிக்க ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். தேடினவர்கள் ஓடை நெடுக அவன் பேரைக் கத்திக்கொண்டு போனது எங்கள் அடுப்படிவரை கேட்டது. மறுநாள் மதியம்தான் அத்தானை விட்டார்கள். நேராகக் காட்டுக்குள் போய் மரத்தைத் தட்டினார். பள்ளத்திலிருந்து, கல்லால் பாறையைத் தட்டும் சத்தம் வந்ததாம். முந்தின நாள் கத்திக்கொண்டு போன பாதைக்குச் சற்றுக் கீழேதான், பாறை இடுக்கில் கால் நசுங்கிக் கிடந்திருக்கிறான்.

ஈப்போ ஆஸ்பத்திரியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். முதல் நாளே கொண்டுவந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். கூப்பிட்டது காதில் விழவில்லையா என்று அத்தான் அவனைக் கேட்டார். அவன் இங்கிலீஷில் சொன்னது எனக்கும் புரிந்தது. எல்லாம் கேட்டதாம். பேர் சொல்லிக் கூப்பிட்டதால் வாயைத் திறக்கவில்லையாம். மரம் தட்டுகிற சத்தத்துக்குக் காத்திருந்தானாம். "நீங்க சொன்ன மாதிரிதான் செஞ்சேன் அண்ணே" என்றான். அதில் குத்தல் இல்லை. சரியாகத்தானே செய்தேன் என்று கேட்கிற முகம். அத்தான் அங்கே நிற்க முடியாமல் வெளியே போய்விட்டார்.

சாமான் எடுக்க வந்த அவன் அப்பா, அடுக்கின் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு வலது சப்பாத்தை மட்டும் பையில் போட்டுக்கொண்டார்.

இப்போது காட்டுக்குக் கூட்டிப்போவது வேறு ஆள். யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லுங்கள் என்று கிளம்புகிறவர்களிடம் நான்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். முனியாண்டி கோபித்தால் என்னைக் கோபிக்கட்டும். அத்தான் வாசல் பக்கமே வருவதில்லை, பின்கதவால்தான் போக்குவரத்து. காலையில் சப்பாத்தைத் துடைத்து வைத்துவிட்டு, தேத்தண்ணி கலக்கி அவரைக் கூப்பிடுவேன். கொல்லையில் இருந்தாலும், குளித்துக்கொண்டிருந்தாலும், நான் கூப்பிட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிடும்: "இருக்கேன், இங்கதான் இருக்கேன்."