நாற்காலிக்காரர்கள் கடைசியில்

லுஸ்விமிண்டா ஆள் பார்க்க அஞ்சடிதான். வாயைத் திறந்தால் மூணு தளத்துக்குக் கேட்கும். பிலிப்பைன்ஸில் கிமாராஸ் தீவுக்காரி. நானும் வேலை பார்த்த உல்லாசக் கப்பலில் அறைகளைச் சுத்தம் செய்கிற வேலை. அங்கே இருந்த எங்க ஊர்ப் பையன்கள் எல்லாருக்கும் அவள் அக்கா. மரியாதை குறைந்தால் அவள் ஒளித்துவைத்துப் பொரிக்கிற கருவாட்டில் பங்கு கிடையாது.

அவள் பார்க்கிற நாலாவது தளத்தில் ஹில்டகார்ட் அம்மா வந்து தங்கினார். ஜெர்மன்காரர், இடுப்புக்குக் கீழே அசைவில்லை. தலையணையை எங்கே வைப்பது என்று முதல் நாளே ரெண்டு பேருக்கும் சண்டை. மறுநாள் பார்த்தால் ஒரே சிரிப்பு!

நார்வே கரையோரம் போய்க்கொண்டிருந்தபோது, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இயந்திர அறையில் தீப்பிடித்தது. அபாயச் சங்கு ஊதியது, லிஃப்ட் எல்லாம் நின்றுவிட்டது. உயிர்காக்கும் படகுகளோ ஏழாவது தளத்தில். நடக்க முடியாதவர்களை நாற்காலியோடு படியில் தூக்கிப்போக நாங்கள் நாலு பேர். அதில் ஒருத்தனைத் தீயணைக்க இழுத்துக்கொண்டார்கள்.

"தள்ளுடா, அந்தக் கைப்பிடி எனக்கு" என்று வந்து நின்றாள் லுஸ்வி.

"அக்கா, இது உன் வேலையா? நீ தூக்கினா நாற்காலி சாயும்" என்றேன்.

"உன் வாயைத் தூக்குற நேரத்துல ஒரு படி ஏறியிருக்கலாம்."

ஹில்டகார்ட் அம்மா என் சட்டையைப் பிடித்தார். "நான் ரொம்பக் கனம். விட்டுட்டுப் போங்கப்பா."

"கனம்னு எங்களுக்கே தெரியுது. பேசாம உட்காருங்க" என்று அதட்டினாள் லுஸ்வி.

மூச்சு முட்ட ஏறினோம். ஒவ்வொரு திருப்பத்திலும் எனக்குக் கை மரத்துப்போனது. இறக்கி வைக்கலாமா என்று கேட்கவே பயமாக இருந்தது, அவள் முகம் அப்படி.

எங்கள் கப்பலில் ஒரு வழக்கம். நடக்கிறவர்கள் முதலில் படகில் ஏறணும், நாற்காலிக்காரர்கள் கடைசியில். நடைவழி அடைபட்டுவிடுமாம். நல்ல வழக்கம் போங்கள்! நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எங்கள் படகு நிரம்பியிருந்தது. மறுபக்கத்துப் படகுகளைப் புகை மூடியிருந்தது. கூடத் தூக்கிவந்த மற்ற ரெண்டு பேரும் தீயணைக்க ஓடினார்கள்.

படகுக்குப் பொறுப்பான ஸ்பிரோஸ் கையை விரித்தார். "இடமில்லை. மிச்சம் உங்க ரெண்டு பேர் இடம்தான். நீங்க படகு வேலை ஆட்கள்."

"என் இடத்துல இவங்களை உட்கார வைங்க. வேலைக்கு இவன் ஒருத்தன் போதும்" என்று லுஸ்வி என்னைக் காட்டினாள்.

"அப்போ நீ?"

"எனக்குக் காலு இருக்கு. இவங்க ஏறாம இந்தப் படகு இறங்காது." சொல்லிவிட்டு வாசலை மறித்து நின்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "பைத்தியமா உனக்கு? உனக்கு மூணு பிள்ளைங்க!" என்று கத்தினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. ஹில்டகார்ட் அம்மாவின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி உட்காரவைத்து, வாரைப் பூட்டினாள். படகு இறங்கியது. புகைக்குள் அவள் திரும்பிப் போனாள்.

கரையில் ஊர்க்காரர்கள் கம்பளியும் சூடான சூப்பும் வைத்திருந்தார்கள். எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். ஹில்டகார்ட் அம்மாவுக்கு இரவல் சக்கர நாற்காலி கொடுத்துத் தள்ளப்போனால், பிரேக்கைப் போட்டுக்கொண்டு சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துவிட்டார்.

"லுஸ்வி வரட்டும்."

"உள்ளே போய் இருங்கம்மா, வந்தா சொல்றோம்."

"வரட்டும்னு சொன்னேன்."

ரெண்டு பேர் நாற்காலியோடு தூக்கப் பார்த்தார்கள். அவர் போட்ட சத்தத்தில் விட்டுவிட்டார்கள். நானும் பக்கத்திலேயே நின்றேன். மழை தூறத் தொடங்கியது. எனக்கு நம்பிக்கை போய்க்கொண்டே இருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் ஒரு மீன்பிடிப் படகு, காற்றடைத்த மிதவை ஒன்றைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. அதிலிருந்து கடைசியாக இறங்கினாள் லுஸ்வி. முகமெல்லாம் கரி. எங்களைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டாள்.

"மழையில நனைஞ்சுக்கிட்டு இங்க என்ன பண்றீங்க? கம்பளி கொடுக்கலையா உங்களுக்கு?"

ஹில்டகார்ட் அம்மா கோட்டுக்கு அடியிலிருந்து மடித்த கம்பளியை எடுத்தார். ஒரு சொட்டு ஈரம் படாமல் வைத்திருந்தார்.

"கொடுத்தாங்க. இது உனக்கு."

அந்த வாயாடி அப்படியே மண்டிபோட்டாள். அவர் மடியில் தலையை வைத்து அழுதாள்.