நாற்காலியைப் பார்க்கும் கேமரா

என் அக்காவைப் பின்னாலிருந்து யாராவது எட்டிப் பார்த்தால் அவளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரியும். சட்டை தைக்கும் ஆலையில் பொத்தான் பிரிவில் அவள் இருந்தபோது, மேற்பார்வையாளர் ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, யார் தலை நிமிர்கிறது, யார் கழிப்பறைக்குப் போய்த் திரும்பத் தாமதமாகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார். ஒருநாள் அக்கா தன் முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அந்தக் கண்ணாடிக்கு நேர் எதிரே போட்டு, அவர் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்து வேலை செய்திருக்கிறாள். "நல்லா பாத்துக்கோங்க சார். கிட்டத்துல இருந்தா உங்களுக்குக் கண்ணு வலிக்காது" என்று வேறு சொல்லியிருக்கிறாள். அன்று மாலையே வேலை போயிற்று. வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது, பதவி உயர்வு கிடைத்தவள் மாதிரி சிரித்தாள்.

பிறகுதான் வீட்டுக் கூடத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தாள். வேலைக்குப் போகிறவர்கள் காலையில் விட்டுவிட்டு மாலையில் கூட்டிப்போவார்கள். பிள்ளைகள் அவளைப் பெரியம்மா என்றார்கள், பெற்றவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். மாமாகூட ஒருமுறை வாய் தவறி "பெரியம்மா, காப்பி" என்று கேட்டு நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டார். அதே வீட்டின் முன்னறையில்தான் என் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை. அதனால் கூடத்தில் என்ன நடந்தாலும் என் காதுக்கு வந்துவிடும்.

கேமரா வேண்டும் என்று முதலில் கேட்டவர் வங்கியில் வேலை பார்க்கும் ஒரு அம்மா. அவருடைய பெண் வாய் ஓயாமல் பேசும், அதனால் அக்கா அதற்கு டமாரம் என்று பெயர் வைத்திருந்தாள்.

"உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்ல பெரியம்மா. எங்களுக்கு ஒரு மன நிம்மதி, அவ்வளவுதான்" என்றார் வங்கியம்மா.

அக்கா ஒரு குதி குதிப்பாள் என்று நான் காத்திருந்தேன். அவளோ, "என்னைப் பாக்கணும்னா தாராளமா பாருங்க. ஒளிச்சு வைக்க என்கிட்ட என்ன இருக்கு" என்று சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

என் கடையில் ஒரு டேப்லெட் கிடந்தது. மூலையில் கண்ணாடி உடைந்தது, கொடுத்தவர் திரும்பி வரவேயில்லை. அதிலிருந்ததை எல்லாம் அழித்து, திரைப் பூட்டை எடுத்து, வெளிச்சத்தைக் குறைத்து, டேப்லெட்டைக் கேமராவாக்கும் செயலியைப் போட்டேன். அலமாரி மேல் ஒரு தட்டைச் சாய்த்து வைத்து, அதில் டேப்லெட்டை நாடாவால் இறுகக் கட்டினேன். எந்நேரமும் மின்சாரத்தில் கிடந்தால் பேட்டரி அப்பளமாக உப்பிவிடும் என்பதால், அவ்வப்போது தானே அணைந்து எரியும் பிளக் ஒன்றை மாட்டினேன். ஆனால் வீட்டு வைஃபைக்குள் தெரியும் படத்தை அலுவலகத்தில் இருப்பவருக்குக் காட்டுவதுதான் உண்மையான வேலை. ரூட்டரோடு மல்லுக்கட்டி அதையும் முடித்தேன். ஒரு முகவரி, ஒரு கடவுச்சொல், உள்ளே வருகிறவர் தன் பெயரைப் போட்டுவிட்டு வர வேண்டும். எல்லாப் பெற்றோருக்கும் அனுப்பினேன். கூடம் முழுக்கப் பளிச்சென்று தெரிந்தது.

தொல்லையும் அன்றே ஆரம்பித்தது. ஏன் என் பையன் சுவர் ஓரம் படுத்திருக்கிறான், ஏன் அந்தப் பெண்ணுக்கு முதலில் தண்ணீர் கொடுத்தீர்கள் என்று ஒன்று மாற்றி ஒன்று அழைப்பு. அக்கா ஒரு கையில் குழந்தையும் ஒரு கையில் கைப்பேசியுமாகத் திண்டாடினாள். அதைவிட மோசம், அவரவர் தன் பிள்ளையை விட்டுவிட்டு அடுத்தவர் பிள்ளையைப் பார்க்கத் தொடங்கியதுதான். யார் சட்டை அழுக்கு, யார் இன்னும் படுக்கையை நனைக்கிறது என்றெல்லாம் பெற்றோர் குழுவில் பேச்சு ஓடியது. இவர்கள் அலுவலகத்தில் வேலைதான் செய்கிறார்களா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அங்கே ஒரு பையன் இருந்தான். மூன்று வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. அதனாலேயே அக்கா அவனை வக்கீல் என்றுதான் கூப்பிடுவாள். அவன் அம்மா மருத்துவமனையில் துணி துவைக்கும் பிரிவில் வேலை. வேறு எங்கேயும் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இங்கே இடம் இல்லை என்றால் அந்தப் பெண் வேலையை விட வேண்டியதுதான். வக்கீலுக்குக் கேட்கவும் தெரியாது, சண்டை போடவும் தெரியாது. ஒருநாள் அவன் பொம்மை லாரியை டமாரம் பிடுங்கியபோது, அவள் கையைப் பிடித்து நறுக்கென்று கடித்துவிட்டான்.

அதை எத்தனை பேர் நேரலையில் பார்த்தார்களோ தெரியாது. லாரி பிடுங்கப்பட்டதை மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை. யாரோ கடிக்கிற காட்சியை மட்டும் வெட்டிக் குழுவில் போட்டார்கள். மாலையில் பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்தவர்கள் கூடத்திலேயே நின்றுவிட்டார்கள். வக்கீலின் அம்மா மட்டும் ஒரு ஓரமாக, துவைத்து ஊறிப்போன விரல்களால் அவனைத் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கடிக்கிற பிள்ளையோட எங்க பிள்ளைங்களை விட முடியாது. அவன் இருக்கணுமா, நாங்க இருக்கணுமான்னு நீங்களே சொல்லுங்க" என்றார் வங்கியம்மா.

"நான் நாளையில இருந்து..." என்று வக்கீலின் அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"நீ சும்மா இரு" என்றாள் அக்கா. பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "கேமரா எதுக்கு வெச்சோம்? என்னைப் பாக்க. நான் அடிக்கிறேனா, தூங்குறேனா, பசிக்கு சோறு போடுறேனான்னு பாக்க. அடுத்தவ பிள்ளை மூக்கை எப்படி சிந்துதுன்னு பாக்க இல்ல. இது பிள்ளைங்க இருக்கிற இடம், சினிமா கொட்டகை இல்ல."

சொல்லிவிட்டு, "டேய், அந்த நாடாவை அவுரு" என்றாள் என்னிடம்.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டேப்லெட்டைத் திருப்பிக் கட்டினேன். அது இப்போது அக்காவின் நாற்காலியை மட்டும் பார்த்தது. பக்கத்திலேயே தண்ணீர்க் குடம், மருந்துப் பெட்டி. வேறொன்றும் இல்லை.

"இனிமே என்னைப் பாருங்க. நாள் முழுக்கப் பாருங்க. எந்தப் பிள்ளையையும் நான் வெளிய அனுப்புறதா இல்ல. இஷ்டம் இருக்கிறவங்க விடுங்க, இல்லாதவங்க கூட்டிட்டுப் போங்க."

  அக்கா நாற்காலியில் போய்ச் சட்டமாக உட்கார்ந்து கேமராவைப் பார்த்தாள்.

மறுநாள் சிலர் வரவில்லை. டமாரமும் வரவில்லை, பக்கத்து வீட்டில் விட்டிருப்பதாகக் கேள்வி. கூடம் கொஞ்சம் வெறிச்சென்றுதான் இருந்தது.  அக்கா நாற்காலியில் உட்கார்ந்து துணி மடித்தாள், மூக்குத் துடைத்தாள், தலை சீவினாள். ஒவ்வொரு பிள்ளையாகச் சட்டகத்துக்குள் வந்து, வேண்டியதை வாங்கிக்கொண்டு, வெளியே ஓடிற்று.

மதியம் என் கணினியில் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருப்பவர்கள் பட்டியலில் ஒரே ஒரு பெயர். வங்கியம்மா.

உள்ளே போய், "பிள்ளையையே அனுப்பல, இன்னும் உன்னைப் பாத்துட்டு இருக்காங்க. கடவுச்சொல்லை மாத்திடவா?" என்றேன்.

"எதுக்கு? பாக்கட்டும்" என்றாள்.

மறுநாளும் அதே நேரத்துக்கு அதே பெயர் வந்தது. அக்கா வக்கீலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, கேமராவுக்கு நேராகவே சோறு ஊட்டினாள். அவன் ஒவ்வொரு வாய்க்கும் அவள் முகத்தைப் பார்த்து வாயைத் திறந்தான். சாப்பிட்டு முடித்ததும் அவள் தோளிலேயே தூங்கிப்போனான். அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெயரும் பட்டியலை விட்டு அசையவில்லை.

அடுத்த வாரம் ஒரு காலையில் வங்கியம்மா டமாரத்தோடு வாசலில் வந்து நின்றார். என் கடையைத் தாண்டும்போது என்னைப் பார்க்காத மாதிரி போனார். நானும் கைப்பேசி ஒன்றைக் கழற்றுவதில் மும்முரமானேன், காதை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டு.

"அங்க விட்டா சாப்பிடவே மாட்டேங்குறா" என்றார் தாழ்ந்த குரலில். "தினமும் இங்கதான் வரணும்னு அழுகை."

"உள்ள வாங்க" என்றாள் அக்கா. அதற்கு மேல் காது மட்டும் போதவில்லை, எழுந்து கதவோரம் போய் நின்றேன்.

டமாரம் அம்மாவின் கையை உதறிக்கொண்டு நேராக வக்கீலிடம் போனது. அவன் லாரியோடு உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் லாரியை அவள் பக்கம் நீட்டினான். அவள் லாரியைத் தொடவில்லை. அவன் கையை நிதானமாக எடுத்து, நறுக்கென்று ஒரு கடி கடித்தாள்.

வக்கீல் வீறிட்டான். வங்கியம்மாவின் முகம் சுண்டிப்போனது.  முதலில் மகளைப் பார்த்தார், பிறகு அலமாரி மேலிருந்த டேப்லெட்டைப் பார்த்தார். அது காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அக்கா வக்கீலைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் டமாரத்தின் பையை வாங்கி ஆணியில் மாட்டினாள்.

"கேமராவுல விழல" என்றாள். "நானும் பாக்கல, நீங்களும் பாக்கல. ஆபீசுக்கு நேரமாச்சு, கிளம்புங்க."